சேமி பொத்தான் எங்கே இருக்கிறது?

நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வாருங்கள்.

என் தம்பி மகள் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கம்ப்யூட்டர் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அத்தை, தினமும் நீங்க பயன்படுத்தற ஒரு மென்பொருள்ல சேமிங்கற பொத்தானைக் கீழேர்ந்து மேலே கொண்டுபோனா உங்களுக்குக் கஷ்டமா? ஆபீஸ்ல பெரிய சண்டை நடக்குது." இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. அதுதான் இங்கே.

பெருங்குடி என்றதும் அவளுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் ஞாபகம் வரும். எனக்கு ஃபாசிட் ஞாபகம் வரும். இந்தப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. என்ற சொல்லே காலெடுத்து வைக்காத காலத்தில் பெருங்குடியில் ஃபாசிட் தட்டச்சு இயந்திர ஆலை இருந்தது. அங்கே செய்த இயந்திரங்களில் ஒன்றிரண்டு எங்கள் பயிலகத்திலும் இருந்தன.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, 1972-இல், மேற்குத் தாம்பரத்தில் தட்டச்சுப் பயிலகத்தில் என்னைச் சேர்த்துவிட்டார் அப்பா. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு அது ஒரு சடங்கு மாதிரி. காலை ஆறு மணி வகுப்பு. ஒரு வரிசையில் ரெமிங்டன், ஒரு வரிசையில் கோத்ரெஜ், மூலையில் ஃபாசிட். எது காலியோ அதில் உட்கார வேண்டும். ரெமிங்டன் கனமாக இறங்கும். சுண்டு விரல் வலிக்கும். ஃபாசிட் வெண்ணெய். தொடுகை மாறும், இடம் மாறாது. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று இடது கை, செமிகோலன் எல் கே ஜே எச் ஜே என்று வலது கை. எந்த இயந்திரத்திலும் அதே இடம்தான். மாஸ்டர் எங்கள் விரல்கள் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். கீழே பார்க்கக் கூடாது. கண் முழுக்கப் பார்த்து அடிக்க வேண்டிய தாளில் இருக்க வேண்டும்.

அந்தத் துணிதான் என் தம்பி மகளின் கேள்விக்கான முதல் பதில். விரல் தானாகப் போக வேண்டும், மனம் வேலையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும் எழுத்து வேறு வேறு இடத்தில் இருந்திருந்தால் அந்தத் துணியைப் போட்டிருக்கவே முடியாது. தாம்பரத்தில் படித்த பெண் தில்லியில் போய் வேலைக்குச் சேர்ந்திருக்கவும் முடியாது. என்னோடு படித்த பலர் அப்படிப் போனார்கள். அந்த விரல் பழக்கத்தை வைத்துத் தங்கை தம்பிகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

கணித ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு, 1991 வாக்கில், கோடை விடுமுறையில் குரோம்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். வேர்ட்ஸ்டார், லோட்டஸ் 1-2-3, டிபேஸ். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் டைனோசர் எலும்பு போல. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. ஒரு மருமகளுக்கு மூன்று மாமியார் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வேர்ட்ஸ்டாரில் எழுதியதைச் சேமித்து மூட கண்ட்ரோலும் கே-யும் அழுத்திப் பிறகு டி. லோட்டஸில் சாய்வுக்கோடு, எஃப், எஸ். டிபேஸில் கண்ட்ரோல் டபிள்யூ. பக்கத்து மேசையில் ஒருவர் வேர்ட்பெர்ஃபெக்ட் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு வெளியேற எஃப் 7, உதவிக்கு எஃப் 3. மூன்றுக்கும் மூன்று நோட்டுப் புத்தகம் போட்டிருந்தேன். மையத்தில் எல்லோருக்கும் அதே கதிதான்: ஒன்றின் வழக்கத்தை இன்னொன்றின் வீட்டில் காட்டி ஒரு மணி நேர வேலையைத் தொலைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு வேடிக்கை. டிபேஸில் சேமிக்க அழுத்திய அதே கண்ட்ரோல் டபிள்யூவை இன்று இணைய உலாவியில் அழுத்தினால் திறந்திருக்கும் பக்கம் மூடிக்கொள்ளும்.

இந்தக் குழப்பம் சகிக்காமல்தான் ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் காமன் யூசர் ஆக்சஸ் என்று ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. எந்த மென்பொருளானாலும் பட்டியல் மேலே இருக்கட்டும், எஃப் 1 அழுத்தினால் உதவி வரட்டும் என்கிற மாதிரியான விதிகள். அதே காலத்தில் ஆப்பிளும் தன் கணினிக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்கு இப்படி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி நூல் போட்டது. விண்டோஸ் வளர்ந்தபோது இவற்றில் பலவும் அதில் வந்து சேர்ந்தன.

வெட்டு, நகலெடு, ஒட்டு என்று நாம் நாளெல்லாம் செய்கிறோமே, அதன் மூலத்தில் லாரி டெஸ்லர் என்பவர் இருக்கிறார். 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டிம் மாட் என்பவரோடு சேர்ந்து அதை உருவாக்கினார். (நம் ஊரில் ஜெராக்ஸ் என்றால் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடை. இது அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்த கம்பெனி.) பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நான்கு விசைகளும் இன்று செய்யும் அதே வேலைகளைச் செய்தன. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த நான்கும் இடம் பெயரவில்லை. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். ஒரு விசைக்கு ஒரு சமயம் ஓர் அர்த்தம், இன்னொரு சமயம் இன்னோர் அர்த்தம் என்று இருக்கவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்த மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கும். கணக்கு வாத்தியார் மாதிரி.

நம் பள்ளிக்கு வருகிறேன். 2005-ஐ ஒட்டிய வருடங்களில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆஃபீஸ் இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ரைட்டர், கால்க், பேஸ், இம்ப்ரெஸ். கணிதத்தோடு ஆய்வுக்கூடப் பொறுப்பும் என் தலையில் விழுந்திருந்தது. உங்களில் பாதிப் பேர் முறைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "டீச்சர், வெளியில எல்லாம் வேர்டுதானே? இதைப் படிச்சு எங்க போய் வேலை கேக்கறது?" நியாயமான கேள்வி. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்தான் அதிகம். முடிச்சூரிலிருந்தும் இரும்புலியூரிலிருந்தும் நடந்து வருகிற பிள்ளைகள்.

நான் ஒரு காரியம் செய்தேன். சண்முகம் சாலைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை எட்டுப் பேரை அழைத்துப் போனேன். அங்கே வேர்டு 2003. கோப்பு, திருத்து, பார்வை, செருகு, வடிவமைப்பு, கருவிகள் என்று அதே வரிசையில் மேலே பட்டியல். நம் ரைட்டரில் எங்கே இருந்ததோ ஏறக்குறைய அங்கேயே. பத்து நிமிடத்தில் ஒரு பெண் விடுமுறைக் கடிதம் அடித்து, நடுவில் தலைப்பு வைத்து, அச்சும் எடுத்துவிட்டாள். "டீச்சர், இது நம்ம ரைட்டர் தானே?" என்றாள். அவள் இன்று மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். (இதைப் படித்தால் ஒரு லைக் போடு.)

இரண்டு நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று போட்டி. ஆனாலும் ஏழைப் பிள்ளை ஒன்றில் கற்றது இன்னொன்றில் செல்லுபடியானது. இதை யாரும் தர்மமாகச் செய்யவில்லை. பழகியதை விட்டு விலகினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற வியாபாரக் கணக்குதான். இருந்துவிட்டுப் போகட்டும். பலன் நமக்கு வந்தது.

அப்புறம் 2007 வந்தது. புதிய வேர்டில் மேலே இருந்த பட்டியலைக் காணோம். ரிப்பன் என்று அகலமாக ஒரு பட்டை, மூலையில் வட்டமாக ஒரு சின்னம். வேலைக்குச் சேர்ந்திருந்த பழைய மாணவர்கள் வீட்டுக்கே போன் செய்தார்கள். "டீச்சர், பிரிண்ட் எங்க போச்சு?" அந்த வட்டச் சின்னத்துக்குள் ஒளிந்திருந்தது. நான் சொன்னது ஒன்றுதான்: கண்ட்ரோல் பி அழுத்து. வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டைப் பாராட்ட வேண்டிய இடம் இது. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் மாற்றினார்கள், விரலுக்குத் தெரிந்ததில் பெரும்பாலானதை விட்டுவைத்தார்கள். ஆல்ட் அழுத்திப் பழைய பட்டியலின் எழுத்துகளை வரிசையாக அடித்தால்கூடப் பலதும் வேலை செய்தது. ரிப்பனும் மோசமில்லை. புதிதாகக் கற்க வந்தவர்கள் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். விண்டோஸ் 8-இல், 2012-இல், ஸ்டார்ட் பொத்தானையே எடுத்ததுதான் எனக்கு இன்றும் புரியாத காரியம். மறு வருடமே பொத்தானைத் திரும்ப வைத்தார்கள்.

இலவச மடிக்கணினி வாங்கியவர்களே, உங்களை மறக்கவில்லை. 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியது. அந்தப் பெட்டிக்குள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னை சி-டாக் உருவாக்கியது. இந்தக் கட்டற்ற மென்பொருள் முயற்சியில் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் கூட்டாளி. ரயிலில் இரண்டு நிலையம் தள்ளி நடந்த வேலை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். ஆனால் நீங்கள் அதை அதிகம் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது ஒருவன் சொன்னது: "சரிங்கற பட்டன் இங்க வலப்பக்கம் இருக்கு டீச்சர், அங்க இடப்பக்கம் இருக்கு." விண்டோஸில் சரி முதலில், ரத்து பிறகு. லினக்ஸில் பரவலாக இருந்த க்னோம் திரைகளிலும் ஆப்பிளிலும் சரி கடைசியில். இரண்டுக்கும் அவரவர் நியாயம் உண்டு. ஒரே மடிக்கணினியில் இரண்டையும் வைத்துக் கொடுத்தால் பதினாறு வயதுப் பிள்ளை எதைப் பழகும்? பக்கத்து வீட்டில் எது இருக்கிறதோ அதை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் 2010-இல் சாளரத்தை மூடும் பொத்தான்களை வலமிருந்து இடத்துக்கு மாற்றி, 2017-இல் மறுபடி வலத்துக்கே கொண்டுவந்தார்கள். ஏழு வருடம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த பயணம்.

தமிழ் விஷயத்தைச் சொல்லாமல் எப்படி விடுவது? இங்கேதான் எனக்கு இரண்டு மனம்.

தமிழ்த் தட்டச்சு கற்றவர்களுக்குக் கண்ணில் தெரிகிற வரிசைதான் விரலின் வரிசை. 'கொ' அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கணினி வந்ததும் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனி விசைப்பலகை, தனித்தனிக் குறியீடு வைத்துக்கொண்டது. ஒருவர் அடித்த கடிதம் இன்னொருவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையைத் தரப்படுத்தி அறிவித்தது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. க அடித்து ஒ அடித்தால் கொ. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஒரு விதியைக் கற்றால் எல்லா எழுத்தும் வரும். உள்ளுக்குள் இவ்வளவு ஒழுங்கான ஒன்றைக் கணக்கு டீச்சர் விரும்பாமல் இருக்க முடியுமா? ஐம்பது வயதுக்கு அருகில் உட்கார்ந்து கற்றேன். இந்தப் பதிவும் அதில்தான் அடிக்கிறேன்.

ஆனால் என் நாத்தனார் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். முப்பது வருடம் பழைய முறையில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் அடித்த விரல்கள். அவரிடம் போய் இதுதான் அறிவியல்பூர்வமானது என்றால் என்ன சொல்வார்? "உன் அறிவியல் என் கோப்பை முடிச்சுக் குடுக்குமா?" என்றுதான் கேட்டார். மொழியோடு ஒத்திருப்பது ஒன்று, பழகிய கையோடு ஒத்திருப்பது இன்னொன்று. எப்போதும் இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களைச் செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். தமிழ் 99, பழைய தட்டச்சு, ஆங்கில ஒலிப்பு எல்லாவற்றையும் வைத்து, ஒரு குறுக்கு விசையில் வேண்டியதற்கு மாறிக்கொள் என்று விட்டார்கள். நாத்தனார் ஓய்வு பெறும் வரை தன் முறையிலேயே அடித்தார். அடியில் யூனிகோடு இருந்ததால் அவர் கடிதமும் என் கடிதமும் ஒன்றுபோல் திறந்தன.

திரையில் வரும் தமிழ்ச் சொற்களுக்கும் இந்தக் கவனம் கொஞ்சம் வேண்டும். ஒரு மென்பொருளில் 'அழி', இன்னொன்றில் 'நீக்கு', மூன்றாவதில் 'அகற்று'. மூன்றும் நல்ல தமிழ்தான். எது திரும்ப வரும், எது போனால் போனதுதான் என்று வயதானவர்கள் எப்படி அறிவார்கள்? சேலையூரில் இருக்கும் என் அக்காவின் கணினியில் ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி வந்தது: 'மாற்றங்களை ரத்து செய்யவா?' கீழே இரண்டு பொத்தான்: 'ஆம்', 'ரத்து'. அக்கா என்னைக் கூப்பிட்டு, "ரத்து பண்ண எதை அழுத்தணும்?" என்றார். கணினியை மேசையோடு விட்டுவிட்டு இருவரும் காபி குடித்தோம்.

சிரிக்க முடியாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மகளுக்குச் சொன்னதில் இதுதான் முக்கியம்.

நம் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பெயர் வேண்டாம், அவன் அனுமதி கேட்டே எழுதுகிறேன். பல்லாவரம் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கணினியில் பதியும் வேலை. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் துணை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற, பார்வையற்ற இரண்டு நண்பர்கள் 2006-இல் தொடங்கியது அது. திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும். மவுஸ் அவனுக்குக் கிடையாது. டேப் விசையை நான்கு முறை அழுத்தினால் தொலைபேசி எண், இன்னும் இரண்டு முறை அழுத்தினால் புகார் விவரம், ஆல்ட் எஸ் சேமி. இதை விரலில் வைத்திருந்தான். ஒரு நாளைக்கு அறுபது பதிவு. அந்தப் பிரிவில் அவன்தான் இரண்டாவது வேகம்.

ஒரு திங்கட்கிழமை புதிய பதிப்பு வந்தது. பார்க்க அழகாக இருந்ததாம்; கூட இருந்தவர்கள் சொன்னார்கள். டேப் வரிசை மாறியிருந்தது. சொற்கள் இருந்த பொத்தான்களில் இப்போது படங்கள். படத்துக்குப் பெயர் எழுதி வைக்கவில்லை. திரைவாசிப்பான் என்ன செய்யும்? "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று சொல்லிக்கொண்டே போகிறது. எது சேமி, எது அழி? ஆல்ட் எஸ் அழுத்தினால் தேடல் திறக்கிறது. அன்று அவன் பதிந்தது பதினொன்று.

மூன்றாவது வாரத்தில் மேலாளர் அவனைக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா, வேறு பிரிவுக்குப் போகிறாயா என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் திரை முன்பைவிட நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அன்று மாலை அவன் என்னோடு பேசினான். "டீச்சர், நம்ம வீட்டுல நடந்து போறப்போ நான் குச்சி எடுக்கறதில்ல. ராத்திரி யாராவது கட்டிலை நகர்த்தி வெச்சிட்டு, வீடு இப்ப விசாலமா இருக்கு பாருன்னா எப்படி இருக்கும்?" வேலை போனால் அம்மாவின் மருந்துச் செலவுக்கு என்ன வழி என்பதையும் சொன்னான்.

பதினான்கு குறைகளை எண் போட்டு ஒரு கடிதமாக எழுதினோம். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எந்தத் திரை, எத்தனையாவது டேப், என்ன ஒலித்தது, என்ன ஒலித்திருக்க வேண்டும். கோபமாக ஒரு வரிகூட இல்லை; அவன் வேண்டாம் என்றான். மேலாளர் வழியாக மென்பொருள் நிறுவனத்துக்குப் போனது. இரண்டு மாதம் ஆயிற்று. பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. ஆல்ட் எஸ் திரும்ப வந்தது. டேப் வரிசை வரவில்லை. அதை அவனே புதிதாக மனப்பாடம் செய்துகொண்டான். இப்போது நாளுக்கு ஐம்பத்தைந்து. வேலை இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021-இல் ஐ.எஸ். 17802 என்று மாற்றுத்திறனாளிகளுக்கான மின்னணுத் தரம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. மென்பொருளும் அதில் அடக்கம். அலுவலகத்தில் சண்டை வரும்போது மேசையில் வைக்க உதவும்.

தம்பி மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சேமியை மேலே கொண்டுபோவதால் என்னென்ன நன்மை என்று ஒரு தாளில் எழுது. அழகு என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை என்றால் விட்டுவிடு. நன்மை உண்மையாகவே இருந்தால் மாற்று, ஆனால் விசைக் குறுக்குவழியைத் தொடாதே, டேப் வரிசையைத் தொடாதே, முன்கூட்டியே சொல். பழைய திரையை இன்னும் சில மாதம் வைத்திருக்க முடியுமா என்று பார்.

துரைப்பாக்கம், சிறுசேரி, மகிந்திரா சிட்டி என்று இந்த வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் இருபது பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் எல்லோருக்கும் வீட்டுப்பாடம் ஒன்று. நாளைக் காலை அலுவலகத்தில் மவுஸைக் கழற்றி மேசை டிராயருக்குள் வையுங்கள். என்.வி.டி.ஏ.வை இறக்கிப் போட்டுக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, நீங்கள் செய்த மென்பொருளிலேயே ஒரு படிவத்தை நிரப்பிச் சேமியுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை முறை "பட்டன்" என்று மட்டும் கேட்டது என்பதைக் கீழே எழுதுங்கள். அவனும் இந்தப் பதிவைக் காதால் படிப்பான்.